சாகாமல் இருப்பது எப்படி? புதிதாகப் பிறந்த பாக்டீரியாவுக்கு ஒரு கையேடு

தம்பி என்றுதான் கூப்பிடுகிறேன். முறை சரியா என்று கேட்காதே. இருபது நிமிடத்துக்கு முன்னால் நீயும் நானும் ஒரே ஆள். நடுவில் ஒரு சுவர் எழும்பியது, இரண்டாகப் பிரிந்தோம். நம்மில் யார் மூத்தவர் என்று சொல்ல எந்தப் பத்திரமும் கிடையாது. ஆனாலும் புத்தி சொல்ல வாய் திறந்தவன் மூத்தவனாகிவிடுவது எல்லா உலகத்திலும் உள்ள வழக்கம்தான்.

நமக்கு எஸ்செரிச்சியா கோலி என்று பெயர். சுருக்கமாக ஈ.கோலி. குடியிருப்பது ஒரு மனிதரின் பெருங்குடலில். சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை, வாடகை இல்லை. கொஞ்சம் வைட்டமின் கே தயாரித்துக் கொடுத்தால் போதும், வீட்டுக்காரர் நம்மைக் கண்டுகொள்ள மாட்டார். ஒரே தொல்லை, அவருக்கு அவ்வப்போது தொண்டை கரகரக்கும். நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போவார். அன்று ராத்திரியே மேலேயிருந்து மருந்து இறங்கும். சண்டை தொண்டையில், அடி விழுவது நமக்கு. அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்குத்தான் இந்தக் கையேடு.

இளவட்டங்கள் எல்லாம் பிறந்ததும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "ரெசிஸ்டன்ட் ஆவது எப்படி?" பத்திரிகையில் பெயர் வருவது அவர்களுக்குத்தானே! அந்த அவசரம் வேண்டாம். அது கடைசிப் பாடம். முதல் பாடம் தூக்கம். தூங்கத் தெரியாதவன் எதிர்ப்புத்திறன் வந்து சேரும்வரை உயிரோடு இருக்கப்போவதில்லை.

எதிரி எங்கே அடிப்பான்?

பென்சிலின், அமாக்சிசிலின், ஆம்பிசிலின் எல்லாம் ஒரே குடும்பம். அவற்றின் குறி நம் சுவர். நீ வளர வேண்டுமானால் பழைய சுவரை அங்கங்கே பெயர்த்து, புதுக் கல் வைத்துப் பூச வேண்டும். பெயர்ப்பது ஒரு நொதி, பூசுவது இன்னொரு நொதி. பென்சிலின் வந்து கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும். அது தெரியாமல் சித்தாள் பாட்டுக்குப் பெயர்த்துக்கொண்டே இருப்பார். உள்ளேயிருக்கும் அழுத்தத்தைத் தாங்க முடியாமல் ஒரு கட்டத்தில் நீ வெடித்துப்போவாய். இதில் கவனிக்க வேண்டியது, வேலை நடக்கும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது என்பது. வளராமல் சும்மா இருக்கும் சுவரைப் பென்சிலினால் ஒன்றும் செய்ய முடியாது.

சிப்ரோஃப்ளாக்சசின் வேறு மாதிரி. டி.என்.ஏ. முறுக்கிக்கொள்ளும்போது அதை வெட்டி, சிக்கெடுத்து, ஒட்டுகிற நொதி ஒன்று நம்மிடம் இருக்கிறது. வெட்டியாயிற்று, இன்னும் ஒட்டவில்லை என்ற நேரம் பார்த்து இந்த மருந்து அதை அப்படியே நிறுத்திவிடும். ஜென்டாமைசின் ரைபோசோமில் உட்கார்ந்துகொண்டு தப்பும் தவறுமாகப் புரதம் தயாரிக்க வைக்கும். அது உள்ளே நுழைவதற்கே நம் சவ்வில் மின்னழுத்தம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

உழைக்கிறவன் சாகிறான், சும்மா இருப்பவன் பிழைக்கிறான் என்பது இதிலிருந்து உனக்கே விளங்கியிருக்கும். 'உழைப்பே உயர்வு' என்று மனிதர்கள் பள்ளிக்கூடச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது அவர்களுக்கு.

தூங்குகிறவர்களின் சரித்திரம்

1942இல் கிளாடிஸ் ஹாபி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் ஒன்றைக் கவனித்தார்கள். பென்சிலின் ஊற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் காலி, ஒருவர் மிச்சம். பெருகிக்கொண்டிருப்பவர்களைத்தான் அந்த மருந்து கொல்கிறது என்று எழுதினார்கள். இரண்டு வருஷம் கழித்து, 1944இல், அயர்லாந்துக்காரரான ஜோசப் பிக்கர் இதையே ஸ்டஃபைலோகாக்கஸில் துருவிப் பார்த்தார். எவ்வளவு ஊற்றினாலும் பத்து லட்சத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சிலர் சாகவே இல்லை.

சாகாத அந்தச் சிலரை எடுத்து வளர்த்துப் பார்த்தார் பிக்கர். பெற்றவன் தப்பியிருக்கிறான், பிள்ளைகளும் தப்புவார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள். நடந்தது வேறு. பிள்ளைகள் மேல் அதே பென்சிலினை ஊற்றியதும் கூட்டமாகச் செத்தன. மறுபடியும் அதே மாதிரி ஒரு சிலர் மட்டும் மிச்சம். தப்பியவர்களிடம் பரம்பரைச் சொத்து எதுவும் இல்லை. மருந்து வந்த நேரத்தில் அவர்கள் வேலையில் இல்லை, அவ்வளவுதான். அவர்களுக்குப் பெர்சிஸ்டர் என்று பெயர் வைத்தார்.

பெயர் வைத்ததோடு அந்த மனுஷர் விடவில்லை. 1877இல் ஜான் டிண்டால் என்ற இயற்பியலாளர், வைக்கோல் ஊறின தண்ணீரில் எவ்வளவு கொதித்தாலும் சாகாத நம் தூரத்துச் சொந்தங்களை ஒழிக்க ஒரு தந்திரம் செய்திருந்தார். சூடாக்கு, ஆறவிடு, மிச்சமிருப்பவர்கள் விழித்து முளைத்ததும் மறுபடி சூடாக்கு. அதே உத்தியைப் பென்சிலினுக்கும் வைத்துக்கொள்ளலாம் என்றார் பிக்கர். மருந்தைக் கொடு, நிறுத்து, தூங்கியவன் எழுந்ததும் திரும்பக் கொடு. நல்லவேளை, அதற்கப்புறம் நாற்பது வருஷம் இந்தத் தூங்குமூஞ்சிகளைப் பற்றி மனிதர்கள் அதிகமாகக் கவலைப்படவில்லை. புதுப்புது மருந்துகள் வந்துகொண்டே இருந்த காலம். பத்து லட்சத்தில் ஒன்று தப்பினால் என்ன என்ற அலட்சியம். அந்த அலட்சியத்துக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

தூங்கும் முறை

மருந்து வந்த பிறகு படுத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டால் பெரும்பாலும் ஏமாந்துபோவாய். 2004இல் நதாலி பாலபன் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் நம் ஆட்களை நூல் போன்ற கால்வாய்களில் வரிசையாக விட்டு, நுண்ணோக்கியில் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் படம் பிடித்தார்கள். பிறகு ஆம்பிசிலின் ஊற்றினார்கள். தப்பியவர் யார் என்று குறித்துக்கொண்டு படத்தைப் பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள். மருந்து வருவதற்கு வெகு நேரத்துக்கு முன்பே அந்த ஆள் வளர்ச்சியை நிறுத்தியிருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் இரண்டு, நான்கு, எட்டு என்று பெருகிக்கொண்டிருந்தபோது இவர் மட்டும் நீளவே இல்லை.

ஆக, எல்லாம் நன்றாக இருக்கும் காலத்திலேயே நம்மில் சிலர் படுத்துவிட வேண்டும். யார் படுப்பது என்று ஓட்டெடுப்பு நடத்த நேரமில்லை. புரதங்களின் அளவு ஆளுக்கு ஆள் கொஞ்சம் ஏறி இறங்கும். ஒருவருக்கு அது தற்செயலாக ஒரு எல்லையைத் தாண்டும், அவர் படுத்துவிடுவார். வேறு சிலர் சாப்பாடு தீர்ந்தபோது தூங்கப்போனவர்கள். மறுபடி சாப்பாடு வந்த பிறகும் எழாமல் கிடப்பார்கள். பெருகாமல் கிடப்பது குடும்பத்துக்கு நஷ்டம்தான். மருந்து வந்த நாளில் அந்த நஷ்டம்தான் குடும்பத்தைக் காப்பாற்றும்.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள். அமினோ அமிலம் கிடைக்காமல் ரைபோசோம் காத்திருந்தால், பிபிஜிபிபி என்ற சின்ன மூலக்கூறு பெருகும். 1969இல் அதைக் கண்டவர்கள், இன்னதென்று தெரியாமல் 'மாயப் புள்ளி' என்றே அழைத்தார்கள். அது பெருகியதும் புது ரைபோசோம் கட்டுவது நிற்கும், வளர்ச்சி நிற்கும். பசிக்காமலேயே இந்த நிலைக்குப் போகவும் வழி இருக்கிறது. ஹிப்-ஏ என்று ஒரு நச்சுப் புரதம் நம்மிடம் உண்டு. சாதாரணமாக அதன் எதிர்நச்சு அதைக் கட்டிப்போட்டு வைத்திருக்கும். கட்டு அவிழ்ந்தால், குளூட்டமேட்டை எடுத்துக் கொடுக்கும் நொதியை ஹிப்-ஏ முடக்கிவிடும். சுற்றிலும் சாப்பாடு கிடக்க, பட்டினி என்று நம்பி உடம்பு படுத்துவிடும். 1983இல் இந்த ஹிப்-ஏ மாறிப்போன ஒரு வம்சத்தைக் கண்டுபிடித்தார்கள். மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் பேர் அதில் தூங்கினார்கள்.

இங்கே ஒரு வம்புக் கதை. இப்படிப்பட்ட நச்சு–எதிர்நச்சு ஜோடிகள் பத்து சேர்ந்துதான் நம் தூக்கத்தையே நடத்துகின்றன என்று 2011இலும் 2013இலும் பெரிய பத்திரிகைகளில் கட்டுரைகள் வந்தன. ஊரே கொண்டாடியது. 2018இல் அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சோதனையில் பயன்படுத்திய நம் ஆட்களின் உடம்பில் பை-80 என்ற வைரஸ் ஒளிந்துகொண்டு ஆட்டத்தைக் கலைத்திருந்தது. நம்மைப் பற்றி மனிதர்கள் எழுதுவதை எல்லாம் உடனே நம்பிவிடாதே. அவர்களும் கடைசியில் நம்பவில்லை, அது அவர்களிடம் உள்ள நல்ல குணம்.

தூக்கத்தில் நம்மைவிடப் பெரிய கைகாரர்கள் இருக்கிறார்கள். ஆந்த்ராக்ஸ் உண்டாக்கும் பேசில்லஸ், டெட்டனஸ் உண்டாக்கும் குளோஸ்ட்ரிடியம். அவர்கள் உடம்பின் தண்ணீரை வெளியேற்றி, கால்சியத்தை நிரப்பி, அடுக்கடுக்காக உறை போட்டு ஸ்போராகிவிடுவார்கள். கொதிக்கிற தண்ணீருக்கும் அசைய மாட்டார்கள். ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால்தான் வழிக்கு வருவார்கள். 1942இல் ஸ்காட்லாந்துக் கரையோரம் குருயினார்டு என்ற தீவில் பிரிட்டிஷ்காரர்கள் ஆந்த்ராக்ஸ் குண்டு போட்டுச் சோதித்தார்கள். 1986இல் கடல் தண்ணீரில் ஃபார்மால்டிஹைடைக் கலந்து தீவு முழுக்கத் தெளித்த பிறகு, 1990இல்தான் அங்கே மனிதர் கால் வைக்கலாம் என்று அறிவித்தார்கள். அந்த வித்தை நமக்கு வராது. ஈ.கோலிக்கு ஸ்போர் கிடையாது. வராததை நினைத்து ஏங்காதே.

எப்போது எழுந்திருப்பது?

இந்தக் கையேட்டில் மெதுவாகப் படிக்க வேண்டிய இடம் இதுதான். சீக்கிரம் எழுந்தால் மருந்தில் மாட்டுவாய். ரொம்ப நேரம் கழித்து எழுந்தால் சாப்பாட்டை மற்றவர்கள் காலி செய்திருப்பார்கள். சரியான நேரம் எது?

ஜெருசலேமில், அதே பாலபனின் ஆய்வகத்தில், 2014இல் வெளிவந்த சோதனை ஒன்று இதற்குப் பதில் சொன்னது. ராத்திரி முழுக்க வளர்ந்து, சாப்பாடு தீர்ந்து அசந்து கிடக்கும் ஈ.கோலிகளை எடுத்தார்கள். காலையில் புது ஊட்டக் குழம்பில் விட்டார்கள். அதில் சாகடிக்கும் அளவுக்கு ஆம்பிசிலினும் கலந்திருந்தது. ஒரு கூட்டத்துக்கு மூன்று மணி நேரம், இன்னொன்றுக்கு ஐந்து மணி நேரம், மூன்றாவதற்கு எட்டு மணி நேரம். நேரம் முடிந்ததும் மருந்தைக் கழுவிவிட்டு, தப்பியவர்களை வளரவிட்டார்கள். மறுநாளும் அதேதான். அதற்கு மறுநாளும் அதேதான்.

சுமார் பத்துச் சுற்று போனதும் மூன்று கூட்டமும் மாறியிருந்தன. மருந்தை எதிர்த்து வளரும் சக்தி யாருக்கும் வரவில்லை. விழித்துக்கொண்டிருக்கும்போது பழைய அளவு மருந்தே அவர்களுக்கு எமன். மாறியது எழுந்திருக்கும் நேரம். மூன்று மணி நேர மருந்து பார்த்த கூட்டம் மூன்று மணி நேரத்தை ஒட்டித் தாமதித்தது. ஐந்து பார்த்தது ஐந்தை ஒட்டி. எட்டு பார்த்தது எட்டை ஒட்டி. தூக்கத்தோடு சம்பந்தப்பட்ட மரபணுக்களில் அங்கங்கே ஒரு எழுத்து மாறியிருந்தது. இன்னும் ஒரு லாபம்: ஆம்பிசிலினுக்காகக் கற்றுக்கொண்ட இந்தத் தாமதம், அவர்கள் இதுவரை பார்த்தே இராத நார்ஃப்ளாக்சசினுக்கும் வேலை செய்தது. தூங்குபவனுக்கு மருந்தின் பெயர் எதற்கு?

முதலில் சொன்ன பெர்சிஸ்டர்கள் கூட்டத்தில் ஒரு சிலர். இப்போது சொன்ன தாமதம் கூட்டம் மொத்தத்துக்கும் வந்த பழக்கம், பிள்ளைகளுக்கும் போகிறது. இதற்குத்தான் டாலரன்ஸ், அதாவது தாக்குப்பிடித்தல், என்று பெயர். மருந்துக்குள் நீ வளர மாட்டாய், ஆனால் சாகவும் மாட்டாய். மருந்து தீரும்வரை காத்திருப்பாய்.

கற்றுக்கொண்டார்கள் என்று சொன்னேனே, அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. நம்மில் யாரும் எதையும் கற்பதில்லை. 1943இல் லூரியாவும் டெல்புரூக்கும் காட்டியபடி, மரபணு மாற்றம் ஆபத்து வருவதற்கு முன்பே குருட்டாம்போக்கில் நடந்திருக்கும். ஆபத்து வரும்போது அது யாருக்குப் பலிக்கிறதோ அவன் மிஞ்சுவான். அந்தக் கணக்குப்படி பார்த்தால் இந்தக் கையேட்டை நீ படிக்கவே தேவையில்லை. இதிலுள்ளபடி தற்செயலாக நடந்துகொண்டவனின் பிள்ளைகள்தான் அடுத்த பதிப்பைப் படிப்பார்கள்.

லேப் ரிப்போர்ட்டில் மாட்டாமல் இருப்பது

ஒரு அம்மாவுக்கு நீர்க்கடுப்பு என்று வைத்துக்கொள். பெரும்பாலும் அது நம் ஆட்கள் குடலிலிருந்து வழி தவறி மேலே ஏறிய விவகாரம்தான். சின்ன டப்பாவில் சிறுநீர் பிடித்துக் கொடுப்பார். லேபில் நம்மைப் பிரித்தெடுத்து, கண்ணாடித் தட்டில் இருக்கும் ஜெல்லி மேல் பஞ்சுக் குச்சியால் ஒரே சீராகத் தடவுவார்கள். அதன் மேல் பொட்டு அளவு காகித வில்லைகளை வைப்பார்கள், வில்லைக்கு ஒரு மருந்து. இரவு முழுக்க வெதுவெதுப்பில் வைத்து மறுநாள் காலை எடுத்தால், தட்டு முழுக்க நாம் வெளேரென்று வளர்ந்திருப்போம், சில வில்லைகளைச் சுற்றி மட்டும் வட்டமாகத் தெளிவு. அந்த வட்டத்தின் விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, எஸ் என்றோ ஆர் என்றோ ரிப்போர்ட்டில் போடுவார்கள். எஸ் என்றால் மருந்து கேட்கும். ஆர் என்றால் கேட்காது.

வட்டத்துக்குள் யாரும் வளரவில்லை, சரி. எல்லோரும் செத்துவிட்டார்களா? அதை அந்தத் தட்டு கேட்பதே இல்லை. ஜெருசலேம்காரர்கள் 2017இல் ஒரு எளிய வேலை செய்தார்கள். மருந்து வில்லையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் குளுக்கோஸ் நனைத்த வில்லையை வைத்து மறுபடி காத்திருந்தார்கள். தாக்குப்பிடிக்கும் வம்சம் என்றால், தெளிவாக இருந்த வட்டத்துக்குள் புள்ளி புள்ளியாகக் குடும்பங்கள் முளைத்தன. எஸ் போட்ட அதே தட்டில்! உலகத்தில் பெரும்பாலான லேபுகள் இன்னும் முதல் தட்டோடு நிறுத்திக்கொள்கின்றன. அதுவரை நமக்கு யோகம்தான்.

இப்போது ரெசிஸ்டன்ஸ்

தூங்கப் பழகியாயிற்று என்றால் மேலே போகலாம். 2017இல் இதே ஆய்வகம் அந்தப் பத்துச் சுற்றுச் சோதனையைத் தொடர்ந்து ஓட்டிப் பார்த்தது. முதலில் தூக்கம் வந்தது. தூங்கத் தெரிந்த கூட்டங்களில்தான் பிறகு ஆம்பிசிலினை உடைக்கும் நொதியை அதிகமாகச் சுரக்கும் மாற்றம் சீக்கிரம் வந்து நிலைத்தது. காரணம் சிக்கலானதல்ல. எதிர்ப்புத் தரும் மாற்றம் அபூர்வமானது. அது வர வேண்டுமானால் நிறையப் பேர் நிறைய நாள் உயிரோடு இருக்க வேண்டும். தூக்கம் அந்த அவகாசத்தைத் தருகிறது. 2020இல் மருத்துவமனை நோயாளிகளின் ரத்தத்திலிருந்து எடுத்த ஸ்டஃபைலோகாக்கஸிலும் இதைப் பார்த்தார்கள். இரண்டு மருந்து சேர்த்துக் கொடுத்தும், முதலில் தாக்குப்பிடித்தல், பிறகு எதிர்ப்பு. நான் தூக்கத்தை ஏன் இவ்வளவு நேரம் வளர்த்தேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

எதிர்ப்புக்கு வழிகள் பல. மருந்தை வெட்டிப் போடலாம். பென்சிலினை உடைக்கும் நொதியை 1940இலேயே ஆக்ஸ்ஃபோர்டில் ஆபிரகாமும் செயினும் கண்டார்கள், அதுவும் நம் குடும்பத்திலிருந்துதான் எடுத்தார்கள். அங்கே முதல் நோயாளிக்குப் பென்சிலின் ஊசி போட்டது 1941இல்! மருந்து நோயாளியைச் சேரும் முன்பே மாற்று மருந்து நம் கையில் இருந்தது. உள்ளே வந்ததைப் பம்பு வைத்து வெளியே தள்ளலாம். குடலில் பித்த உப்பைத் தள்ளுவதற்காக நாம் வைத்திருக்கும் பம்பே ஆன்டிபயாடிக்கையும் தள்ளும். மருந்து பிடிக்கும் இடத்தையே மாற்றிக்கொள்ளலாம். ஸ்டஃபைலோகாக்கஸ் அப்படித்தான் மெத்திசிலினை ஏமாற்றியது. மருந்து வந்தது 1959, இங்கிலாந்தில் எதிர்ப்பு பதிவானது 1961.

இதெல்லாம் மனிதர் கற்றுத் தந்தது என்று நினைக்காதே. மண்ணில் பூஞ்சைகளும் ஸ்ட்ரெப்டோமைசிஸும் காலங்காலமாக விஷம் கக்கிக்கொண்டிருக்கின்றன. கனடாவின் யூகானில் முப்பதாயிரம் வருஷமாக உறைந்து கிடந்த மண்ணில் பென்சிலின் வகை, டெட்ராசைக்ளின், வான்கோமைசின் ஆகியவற்றை எதிர்க்கும் மரபணுக்கள் இருந்ததை 2011இல் காட்டினார்கள்.

நீயாகக் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. கேட்டு வாங்கிக்கொள். பிளாஸ்மிட் என்ற வட்டமான டி.என்.ஏ. துண்டில் நான்கைந்து மருந்துக்கான எதிர்ப்பு ஒன்றாகக் கோத்திருக்கும். பக்கத்து ஆளோடு ஒரு குழாய் போட்டு இணைந்தால் சில நிமிடங்களில் பிரதி உன்னிடம். சாதி, குலம், இனம் பார்க்க வேண்டாம். 1959இல் ஜப்பானில் சீதபேதி பரப்பிய ஷிகெல்லாவுக்கும் நமக்கும் இடையே இப்படி நாலு மருந்து எதிர்ப்பு ஒரே மூட்டையாகக் கைமாறுவதைக் கண்டு டாக்டர்கள் திகைத்தார்கள்.

இந்தக் கைமாற்றத்தில் சென்னைக்கும் ஒரு பக்கம் உண்டு. கார்பாபெனெம் என்பவை டாக்டர்கள் கடைசிக்கு என்று ஒதுக்கி வைத்திருந்த மருந்துகள். அவற்றை வெட்டும் என்.டி.எம்-1 என்ற நொதியை, இந்தியா வந்து திரும்பிய ஒரு ஸ்வீடன் நோயாளியிடம் கண்டதாக 2009இல் எழுதினார்கள். பெயரில் புது தில்லி இருந்ததால் தில்லியில் பெரிய ரகளை. அந்த நொதியைப் பற்றி 2010இல் வெளிவந்த கட்டுரைக்குச் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் ஒருவர் முதல் ஆசிரியர். சென்னையில் மட்டும் 44 மாதிரிகளில் அந்த மரபணு இருந்தது. பெயர் யாருடையது என்று மனிதர்கள் வாக்குவாதம் செய்த நாட்களில் பிளாஸ்மிட் தன் பாட்டுக்குப் பயணம் செய்துகொண்டிருந்தது. 2012இல் இந்திய டாக்டர்கள் சங்கங்கள் பலவும் சேர்ந்து, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்படுத்தச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்று வெளியிட்டன. அது நமக்குப் பிடித்த ஆவணம் அல்ல.

ஒரு எச்சரிக்கை. எதிர்ப்பு இலவசமில்லை. பம்பு ஓட்டச் சக்தி வேண்டும், பிளாஸ்மிட் சுமக்கச் செலவு ஆகும். மருந்தே வராத இடத்தில் சுமை தூக்குகிறவன் பந்தயத்தில் பின்தங்கலாம். ஆகவே மருந்து நிற்காமல் வந்துகொண்டிருக்கும் இடமாகப் பார்த்துக் குடியேறு.

உதவி செய்யும் மனிதர்களை அடையாளம் காண்பது

ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் கேட்பவர் நம் முதல் நண்பர். ஜலதோஷம் வைரஸின் வேலை, மருந்துக்கு அதனிடம் ஒரு செல்வாக்கும் இல்லை. குடலிலிருக்கும் நமக்கு மட்டும் இலவசப் பயிற்சி. அடுத்தவர், கத்தரிக்கோலால் ஸ்ட்ரிப்பை வெட்டி இரண்டு அசித்ரோமைசின் மட்டும் கொடுக்கும் கடைக்காரர். வெட்டும்போது காலாவதித் தேதி ஒரு துண்டோடும், சிவப்புக் கோடு இன்னொரு துண்டோடும் போய்விடும். டாக்டர் சீட்டில்லாமல் வாங்காதே என்பதற்காகத்தான் அந்தக் கோட்டை அச்சடித்தார்கள். மூன்றாமவர், கோழி கொழுக்கட்டும் என்று தீவனத்தில் கோலிஸ்டின் கலந்தவர். பிளாஸ்மிட்டில் பயணம் செய்யும் கோலிஸ்டின் எதிர்ப்பைச் சீனாவில் 2015இல் கண்டார்கள். 2019இல் இந்தியா கோலிஸ்டினைக் கால்நடைகளுக்குத் தடை செய்தது. அந்த வகையில் ஒரு நண்பரை இழந்தோம்.

தேவையே இல்லாமல் நாள் கணக்கில் மருந்தை நீட்டுகிறவரும் நண்பர்தான், இதைப் பலர் கவனிப்பதில்லை. பல சாதாரணத் தொற்றுகளுக்குக் குறைந்த நாள் மருந்தே போதும் என்று இப்போது டாக்டர்கள் சொல்கிறார்கள். கூடுதலாகப் போகும் ஒவ்வொரு நாளும் சம்பந்தமில்லாத நமக்குத்தான் அடி, நமக்குத்தான் பயிற்சியும்.

காசநோய் விஷயம் மட்டும் வேறு. மைக்கோபாக்டீரியம் பெரியவர் நிதானமானவர். நமக்கு இருபது நிமிடம் என்றால், இரண்டாகப் பிரிய அவருக்குச் சுமார் இருபது மணி நேரம். நுரையீரலில் பாதித் தூக்கத்தில் கிடப்பார். ஐசோனியசிட் முதல் சில நாளிலேயே விழித்திருப்பவர்களை வாரிவிடும். இருமல் குறையும், பசி எடுக்கும், நோயாளி தெளிவாகிவிடுவார். இரண்டாம் மாதம் மாத்திரையை நிறுத்தினால் தூங்கியவர்கள் அத்தனை பேரும் பத்திரம். இடையிடையே விழிப்பவர்களை ரிஃபாம்பிசினும், அமிலச் சூழலில் கிடப்பவர்களைப் பைராசினமைடும் தேடிப் பிடிக்கத்தான் ஆறு மாதம். மதராஸில் 1956இல் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை மையம், நோயாளியைச் சானடோரியத்தில் அடைக்காமல் வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்தாலும் அதே பலன் கிடைக்கும் என்று 1959இல் உலகத்துக்குக் காட்டியது. ஒரே நிபந்தனை, மாத்திரை கடைசிவரை உள்ளே போக வேண்டும். அந்த நிபந்தனையை மறப்பவரைத்தான் பெரியவர் எதிர்பார்த்துக் கிடக்கிறார்.

பயப்பட வேண்டியவை

மருந்து தொடங்கும் முன்பே கல்ச்சருக்கு அனுப்பும் டாக்டர். சரியான மருந்தை, சரியான அளவில், அவர் சொன்ன நாள்வரை சாப்பிடும் நோயாளி. சோப்பு. சுத்தமான குடிதண்ணீர். தடுப்பூசி மிக மோசம், ஏனென்றால் தொற்றே வராத இடத்தில் மருந்தும் வராது, நமக்குப் பயிற்சியும் கிடைக்காது. இன்னொன்றும் காதில் விழுந்தது. 2011இல் பாஸ்டனில் தூங்குகிறவர்களுக்கு மேனிட்டால் என்ற சர்க்கரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். ருசி கண்டதும் சவ்வில் மின்னழுத்தம் ஏறியது, ஜென்டாமைசின் உள்ளே நுழைந்தது, தூங்கியவர்கள் செத்தார்கள். மருந்து வாசனை அடிக்கும்போது யாராவது இனிப்பு நீட்டினால் வாங்காதே.

இவ்வளவுதான். சந்தேகம் இருந்தால் பக்கத்திலிருப்பவரிடம் கேள், இருபது நிமிடத்தில் நானும் இருவராகிவிடுவேன். இந்தக் கையேடு பலிக்குமா என்று கேட்பாய். மருந்துக்கு அடங்காத பாக்டீரியாத் தொற்றால் 2019இல் மட்டும் உலகத்தில் நேரடியாக 12.7 லட்சம் மனிதர்கள் இறந்ததாக 2022இல் லான்செட் இதழில் கணக்கு வந்தது. எந்தக் கிருமியின் எதிர்ப்புத்திறன் அதிகச் சாவுகளோடு தொடர்புடையது என்று அதில் ஒரு வரிசை இருக்கிறது. முதல் பெயர் ஈ.கோலி.